கை நனைத்த வில்லைகள்

தமயந்தி தொட்டித் தண்ணீருக்குள் முழங்கை வரை கைகளை விட்டபடி உட்கார்ந்திருந்தாள். பல்வலி காது வரை ஏறியிருந்தது. கண்ணை மூடினால் வலி பெரிதாகத் தெரிந்தது. திறந்தால் எதிரே அடுக்கி வைத்திருந்த தட்டுகள் தெரிந்தன. அன்றைக்கு நனைக்க வேண்டியதில் கால்வாசிகூட முடிந்திருக்கவில்லை.

ஒவ்வொரு தட்டிலும் வரிசையாக வில்லைகள் இருந்தன. தேங்காய் நார்த்தூளைக் கழுவி, நீராவியில் வேகவைத்து, எந்திரத்தில் அமுக்கி, மெல்லிய வலையைச் சுற்றி எடுத்தால் கோட்டுப் பொத்தான் கணக்காக ஒரு வில்லை கிடைக்கும். காய்ந்து கிடக்கும்போது அதற்குள் ஒரு செடி பிழைக்கும் என்று யாரும் நம்ப மாட்டார்கள். தண்ணீர் பட்டதும் மெல்ல ஊதிக் கட்டைவிரல் உயரத்துக்கு எழுந்து நிற்கும். உச்சியில் இருக்கும் குழியில் ஒரு தக்காளி விதையோ கத்தரி விதையோ போட்டு மூடினால் ஒரு வாரத்தில் முளை தலைகாட்டும்.

வில்லை எல்லா ஊரிலும்தான் இருக்கிறது. ஒட்டன்சத்திரத்துக்கு வடக்கே, விவசாயிகளுக்கு நாற்று வளர்த்துக் கொடுத்த இந்தக் கூட்டுறவு நாற்றகத்தில் மட்டும் அதை நனைக்கத் தமயந்தி கை வைத்த தண்ணீர் வேண்டியிருந்தது.

ஒன்பது வருடங்களுக்கு முன்னால், இரண்டு மழைக்காலம் அடுத்தடுத்து வெள்ளம் நின்று வடிந்த பிறகு, அந்தப் பக்கத்து மண்ணில் ஒரு பூஞ்சணம் பிடித்தது. நேராக மண்ணில் போட்ட விதை முளைக்காமலே அழுகியது. வெளியூரிலிருந்து நாற்று வாங்கி வந்து நட்டால், பத்து நாளுக்குள் தண்டின் அடிப்பகுதி கறுத்து, கழுத்தை முறித்தது போல் செடி சாயும். ஜனங்கள் அதற்குக் கருங்கழுத்து என்று பெயர் வைத்தார்கள். மருந்து அடித்தார்கள், மண்ணைச் சுட்டுப் பார்த்தார்கள், லாரியில் வேற்று மண் கொண்டுவந்து கொட்டினார்கள். எதற்கும் அது மசியவில்லை. தக்காளியும் கத்தரியும் மிளகாயும் போட்டுப் பிழைத்த ஊர்கள் மூன்று விதைப்புப் பட்டம் ஒன்றுமில்லாமல் கிடந்தன. திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் குடும்பம் குடும்பமாகப் போனார்கள்.

அந்த மூன்றாவது பட்டத்தில்தான் தமயந்தி வீட்டுப் பின்புறத்தில் ஏழெட்டுக் கத்தரிச் செடிகள் காய்த்துத் தொங்குவதை யாரோ பார்த்துப் படம் எடுத்து அனுப்பினார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து ஜெபமலர் வந்தாள். நாகர்கோவில்காரி, நுண்ணுயிர் ஆராய்ச்சிக்காரி, அப்போது முப்பது வயதுகூட இருக்காது. செடியை எடுத்தாள், மண்ணை எடுத்தாள், கிணற்றுத் தண்ணீரை எடுத்தாள். எதிலும் விஷயம் இல்லை. கடைசியில் செடியை நட்டவளின் உள்ளங்கையைப் பஞ்சால் துடைத்து எடுத்துக்கொண்டு போனாள்.

தமயந்தியின் தோலில் ஒரு பாக்டீரியா குடியிருந்தது. அது வேரைச் சுற்றி வேலி போல் படர்ந்து பூஞ்சணத்தை அண்டவிடாமல் வைத்தது. எங்கிருந்து அவளிடம் வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆய்வகத்தில் குடுவையில் வளர்த்தால் நான்கைந்து தலைமுறையில் வலுவிழந்து சோனியாகிப் போனது. மற்றவர்கள் கையில் பூசினால் சில வாரத்தில் காணாமல் போனது. அவள் தோலில் மட்டும் சொந்த வீடு போல இருந்தது. அவள் கை ஊறிய தண்ணீரில் வில்லையை நனைத்தால், வெந்த நார்த்தூளில் வேறு கிருமி எதுவும் போட்டிக்கு இல்லாததால், அது உள்ளே பெருகி முளையின் வேரோடு ஒட்டிக்கொண்டது. அந்த நாற்றை வில்லையோடு மண்ணில் வைத்தால் சாயவில்லை.

இப்படித்தான் தமயந்தியின் கைகள் நான்கு தாலுகாவுக்கும் பொதுவாகிப் போயின.

சோப்பு கூடாது. மஞ்சள் கூடாது. மருதாணி கூடாது. காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும். கிருமியைக் கொல்லும் எந்த மாத்திரையும் ஊசியும் கூடாது, ஏனென்றால் அது இந்தக் கிருமியையும் கொன்றுவிடும். அவள் உடம்பிலிருந்து எப்போதும் புது மழை பெய்த மண்ணின் வாசனை வந்தது. அதை முகர்ந்து பார்க்க முதல் வருடத்தில் ஆட்கள் வீடு தேடி வந்தார்கள். கிழவர்கள் அவள் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அவளுக்கும் அப்போது பெருமையாகத்தான் இருந்தது.

மகள் இலக்கியாவுக்கு நான்கு வயதில் நெஞ்சுச்சளி முற்றி, மருந்து கொடுத்தே ஆக வேண்டும் என்று ஆனது. மருந்து சாப்பிடும் பிள்ளையைக் கட்டிப்பிடித்துத் தூங்கினால், அதன் எச்சில் பட்டால், வியர்வை பட்டால் என்னாகும் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. குணமாகும் வரைக்கும் திண்டுக்கல்லில் அத்தை வீட்டில் இருக்கட்டும் என்று கொண்டுபோய் விட்டார்கள். குணமான பிறகு பள்ளிக்கூடம் வந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மாதம் ஒரு காய்ச்சல் வருகிறது. இப்போது இலக்கியாவுக்குப் பன்னிரண்டு வயது. லீவுக்கு வரும்போது விருந்தாளியைப் போல, "அம்மா, நல்லாருக்கீங்களா?" என்று கேட்டாள்.

பல்வலி வந்தது ஆடிப் பட்டத்துக்கு நாற்று விடத் தொடங்கியபோது. கீழ்வரிசைக் கடைவாய்ப் பல். முதலில் கிராம்பு வைத்து அடக்கினாள். பிறகு ஒரு பக்கமாகவே மென்றாள். பிறகு மெல்லுவதையே விட்டுவிட்டுக் கஞ்சிக்கு வந்தாள். பல் டாக்டர் எட்டிப் பார்த்து, வேரில் சீழ் கோத்திருக்கிறது, ஒரு வாரம் மாத்திரை போடாமல் இதைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். மாத்திரை வேண்டாம், பிடுங்கி மட்டும் விடுங்கள் என்று கேட்டதற்கு, "நீங்க செத்துப்போனா யாருங்க பதில் சொல்றது?" என்றார்.

நாற்றக மேலாளர் கனகசபை கெட்டவர் இல்லை. தமயந்தியின் பல் விஷயம் கேள்விப்பட்டதும் தானே வண்டியெடுத்துக்கொண்டு வந்தார். கஞ்சி வைக்கக் கைக்குத்தல் அரிசியும், ஐஸ் ஒத்தடத்துக்குப் பையும் வாங்கி வந்திருந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காராமல் வாசற்படியில் நின்றபடியே பேசினார்.

"இன்னும் ரெண்டு வாரம் ஓட்டீட்டமுன்னா போதும் அம்மிணி. இந்தப் பட்டத்துக்கு நாத்துப் போயிருச்சுன்னா, அப்புறம் நானே கூட்டிட்டுப் போயி வேணுங்கறதைச் செஞ்சு உடறேன்."

இந்தப் பட்டம் முடிந்தால் அடுத்தது புரட்டாசிப் பட்டம் வரும், அதற்கு அடுத்தது தைப் பட்டம் வரும் என்பது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். மருந்து சாப்பிட்டு ஒருமுறை போன கிருமி மறுபடி அவள் தோலுக்கு வருமா என்பதும் யாருக்கும் தெரியாது. தமயந்தி சரிங்க என்றாள். வாயைத் திறந்து அதற்கு மேல் பேசுவது சிரமமாக இருந்தது.

அவள் கணவன் திருமலைச்சாமி அன்று மாலை அவளுக்கு ஐஸ் ஒத்தடம் கொடுத்தான். அவனுக்கும் இரண்டு ஏக்கர் தக்காளி போட நிலம் உழுது கிடந்தது. இரவு கஞ்சியை ஆற்றிக் கொடுத்தான், தலையணையை உயர்த்தி வைத்தான். இத்தனை வருடமாக அவன் அவளிடம் முகம் கோணியது கிடையாது. அதே சமயம், போதும், விட்டுவிடு என்று ஒருநாளும் சொன்னது கிடையாது. அந்த வார்த்தைக்காக எத்தனை நாள் காத்திருக்கிறோம் என்று அவளுக்கே மறந்துவிட்டது.

தினமும் காலையில் நாற்றகத்துக்குப் போனாள். ஆராய்ச்சிக்காக நாற்றகத்திலேயே தங்கிவிட்ட ஜெபமலர் அவளுக்கென்று சாய்மானமுள்ள நாற்காலி போட்டு வைத்தாள். தொட்டியில் கை ஊற வைப்பாள். ஆட்கள் அந்தத் தண்ணீரை மொண்டு தட்டுகளில் ஊற்றுவார்கள். வில்லைகள் ஒவ்வொன்றாக எழும்பும். எழும்பி நிற்கும் வில்லைகளைப் பார்த்தால் முன்பெல்லாம் ஒரு சந்தோஷம் வரும். இப்போது கூட்டமாக நின்று தன்னையே பார்ப்பது போல் இருந்தது.

ஜெபமலர் ஒருநாள் அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பதறினாள். வீக்கம் தாடைக்கு அடியில் இறங்கி, தோல் பளபளவென்று இறுகிக் கிடந்தது.

"அக்கா, வாயத் திறங்க பாப்போம்."

ஒரு விரல் நுழையும் அளவுக்குக்கூடத் திறக்கவில்லை.

"எச்சில் முழுங்க முடியுதா?"

தமயந்தி தலையை இரண்டு பக்கமும் அசைத்தாள். தோளில் கிடந்த துண்டு நனைந்திருந்ததை அப்போதுதான் ஜெபமலர் கவனித்தாள். கனகசபையிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல் காரை எடுக்கச் சொன்னாள்.

திண்டுக்கல்லில் பெரிய ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் பார்த்தார். சீழ் நாக்குக்கு அடியிலும் கழுத்திலும் பரவிவிட்டது, மூச்சுக்குழாயை அடைத்தால் அரைமணி நேரம்கூடத் தாங்காது, கழுத்தைக் கீறிச் சீழை எடுக்க வேண்டும், அதோடு பலமான மருந்து நரம்பில் ஏற்றியாக வேண்டும் என்றார். அவருக்கு அவள் யாரென்று தெரிந்திருந்தது. திண்டுக்கல்லில் தக்காளி சாப்பிடும் எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் ஊசியை எடுப்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம் தயங்கி, வீட்டுக்காரரைக் கூப்பிடச் சொன்னார்.

பேருந்து பிடித்து வந்து சேர்ந்த திருமலைச்சாமியின் சட்டையில் உழவு மண் இருந்தது. டாக்டர் சொன்னதையெல்லாம் கேட்டான். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, மூச்சை எண்ணி எண்ணி இழுத்துக்கொண்டிருந்த மனைவியைப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"கீறி மட்டும் உட்டுட்டு, மருந்து ஒரு வாரங் கழிச்சுக் குடுக்க முடியுமாங்க?"

தாழ்த்திப் பேசினாலும் அவளுக்குக் கேட்டது. கழுத்துதான் வீங்கியிருந்தது, காது நன்றாகவே கேட்டது. கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. நெடுநாளாகத் தெரிந்த ஒன்றை யாரோ உரக்கச் சொன்னது போல் இருந்தது, அவ்வளவுதான். அவன் கல் மனசுக்காரன் இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஊரில் ஒவ்வொருவனும் அவனை நிறுத்தி, உன் சம்சாரம் எப்படி இருக்கிறது என்று கேட்பதில் என்ன கேள்வி ஒளிந்திருக்கிறது என்பதும் தெரியும்.

டாக்டர் பதில் சொல்வதற்குள் தமயந்தி தன் வலது கையை எடுத்து, உள்பக்கம் மேலே தெரியும்படி அவர் முன்னால் நீட்டினாள். நரம்பு தெரியும்படி முஷ்டியை மடக்கிக்கொண்டாள். திருமலைச்சாமி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அவன் தோள்கள் குலுங்கின. ஜெபமலர் போய் அவனை வெளியே அழைத்துப் போனாள்.

மயக்கம் தெளிந்து எழுந்தபோது கழுத்தில் பெரிய கட்டுப் போட்டிருந்தார்கள். மறுநாள் காலை நர்ஸ் ஒருத்தி வந்து, சாதாரணமாக, மற்ற நோயாளிகளுக்குச் செய்வது போல, சோப்பு நுரையில் பஞ்சை நனைத்து அவள் கைகளைத் துடைத்தாள். எலுமிச்சை வாசனை வந்தது. மண்வாசனை இரண்டு நாள் விட்டு விட்டு வந்து, பிறகு நின்றுபோனது. தமயந்தி அவ்வப்போது உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். யாருடைய கையோ போல் இருந்தது. ஜெபமலரும் பஞ்சால் துடைத்து எடுத்துக்கொண்டு போய்ச் சோதித்துவிட்டு, ஒன்றுகூட மிச்சமில்லை என்றாள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் ஊர் என்ன நினைக்கிறது என்று புரிந்தது. யாரும் சண்டைக்கு வரவில்லை. ஒன்றிரண்டு பேர் வந்து உடம்பை விசாரித்துவிட்டு, பேச்சு ஓடாமல் எழுந்து போனார்கள். உழுது வைத்த நிலத்தில் சோளமாவது தெளிப்போமா என்று பேச்சு நடந்தது. அடுத்த தெரு காளீஸ்வரி மட்டும் கேட்டுவிட்டாள்: "ஒரு பல்லுக்காகவா கண்ணு?" கேட்டுவிட்டு அவளே வெட்கப்பட்டு, கொண்டுவந்த ரசத்தைத் தடுமாற்றத்தோடு அடுப்படியில் வைத்துவிட்டுப் போனாள்.

அதுவரை அவள் நனைத்த தட்டுகள் முன்பதிந்த சிலருக்கே சரியாகிவிட்டன. நாற்றகத்தில் விதை போடத் தயாராக வைத்திருந்த மீதி வில்லைகள் மலை போலக் கிடந்தன. கனகசபை அவற்றைக் கட்டி வைத்துவிடச் சொன்னார். ஜெபமலருக்கு மனம் ஒப்பவில்லை. விதைப் பொட்டலம் ஏற்கெனவே பிரித்தாகிவிட்டது, வீணாகத்தான் போகப்போகிறது என்று சொல்லி, குழாய்த் தண்ணீரில் நனைத்துப் போடச் சொன்னாள். முளைத்தன. அது பெரிய விஷயமில்லை. வெந்த நார்த்தூளில் எந்த விதையும் முளைக்கும். மண்ணில் இறக்கிய பிறகுதான் சாவு. ஜெபமலர் இரண்டு தட்டை எடுத்துப்போய் நாற்றகத்துக்குப் பின்னால் வேலியோரம் தானே நட்டாள்.

அவள் தமயந்தியைப் பார்க்க வந்தது அதற்குப் பிறகு மூன்று வாரம் கழித்து. வந்தவள் தண்ணீர் வாங்கிக் குடித்தாள், சொம்பைக் கீழே வைத்தாள், மறுபடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒண்ணுகூடச் சாயலக்கா" என்றாள்.

தமயந்திக்கு உடனே புரியவில்லை.

"வேலியோரம் நட்டது. அத்தனையும் நிக்கு. வேரைப் பறிச்சுப் பாத்தேன். உங்க கிருமிதான் சுத்திப் படந்திருக்கு. வில்லையில இருந்து வரல. மண்ணுல இருந்து ஏறியிருக்கு. வருஷா வருஷம் நாம வச்ச வில்லையெல்லாம் மக்கி, மண்ணுல கலந்து, அங்கேயே ஊன்றிட்டுது. நாலு ஊர்ல மண்ணெடுத்துப் பாத்துட்டேன். எல்லாத்துலயும் இருக்கு. கருங்கழுத்து எங்கயோ ஒண்ணு ரெண்டு, பேருக்கு."

"அப்ப என் கையி இனி வேண்டாமுங்களா?"

"வேண்டாம்."

தமயந்தி கழுத்தில் விரலை ஓட்டினாள். தழும்பு அரித்தது. அவளுக்குக் கேட்க ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. அதைக் கேட்காமலே விட்டுவிடலாமா என்றும் தோன்றியது.

"எப்ப இருந்துங்க டாக்டரம்மா?"

ஜெபமலர் சொம்பை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள். "தெரியாதுக்கா. மண்ணுல இவ்வளவு இருக்கணும்னா ஒரு பட்டத்துல வந்திருக்காது. மூணு வருஷம் இருக்கலாம். அஞ்சுகூட இருக்கலாம். கை நனைக்காத தட்டு ஒண்ணு நட்டுப் பாத்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும். ஒவ்வொரு பட்டத்துக்கும் ஒரு தட்டை ஒதுக்கி வைக்கணும்னு நினைப்பேன். கடைசி நாள் யாராவது நாத்து பத்தலன்னு வந்து நிப்பாங்க. சாகப்போற தட்டுக்கு ஒரு குடும்பத்தோட வயித்துல அடிக்கவான்னு குடுத்துருவேன். அப்பறம்..." அவள் நிறுத்தினாள். "நீங்க இருக்கீங்கல்லாங்கிற தைரியம். அதான் நெசம்."

தமயந்தி அழவில்லை. இலக்கியாவின் ஏழு வயது, எட்டு வயது, ஒன்பது வயது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். முன்பல் விழுந்த முகத்தை அவள் பார்த்தது போனில்தான். ஜெபமலர் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது, சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று எழுந்து அடுப்படிக்குப் போனாள். மன்னிப்புக் கொடுக்கவோ கொடுக்காமல் இருக்கவோ அவளுக்கு அன்றைக்குத் தெம்பு இல்லை.

அதோடு முடிந்திருந்தால் நல்லது. முடியவில்லை. நாற்றகம் கூட்டம் போட்டு விஷயத்தைச் சொன்னது. மண் சரியாகிவிட்டது, சாதா வில்லை போதும், நாற்று தயாராக இருக்கிறது, வந்து எடுத்துப் போங்கள் என்றது. ஒருவரும் எடுக்க வரவில்லை. மூன்று பட்டம் பட்டினி கிடந்த ஊர்கள் அவை. குழாய்த் தண்ணீர் நாற்றை நம்பி உரமும் உழைப்பும் போட யாருக்கும் துணிச்சல் இல்லை. வேலியோரம் நிற்கும் செடிகளைக் காட்டினால், அது நாற்றகத்து மண், எங்கள் மண் வேறு என்றார்கள். தட்டுகளில் நாற்று உயரமாகி, வில்லையின் வலையைத் துளைத்து வேர் வெளியே தொங்க ஆரம்பித்தது. இன்னும் ஒரு வாரம் போனால் எதற்கும் உதவாது. இந்த முறை அவற்றைச் சாகடிக்க நோய் எதுவும் தேவைப்படவில்லை.

கனகசபை மறுபடி வாசற்படியில் வந்து நின்றார்.

"நீ வந்து தொட்டீல கைய வெச்சாப் போதும் அம்மிணி. கிருமி இருக்குதா இல்லியான்னு ஆருக்குந் தெரியாது. திரும்ப வந்துருச்சுன்னு சொல்லிக்கலாம். நடட்டும். நட்டு நின்னுருச்சுன்னா அடுத்த வருசம் மெதுவாச் சொல்லிக்கலாம்."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. பொய்யால் யாருக்கும் கெடுதல் கிடையாது. ஆனால் அடுத்த வருடம் மெதுவாகச் சொல்வது என்பது எப்படிப்பட்ட வேலை என்று தமயந்திக்குத் தெரிந்திருந்தது. அடுத்த வருடம் வந்தால் இன்னும் ஒரு பட்டம் என்பார்கள். அவள் ஆயுசுக்கும் அந்தத் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள். நாளைக்கு வருகிறேன், எல்லாரையும் வரச் சொல்லுங்கள் என்றாள்.

மறுநாள் நாற்றகத்து முற்றம் நிறைந்திருந்தது. தமயந்தி வந்ததும் வழிவிட்டு ஒதுங்கினார்கள். கழுத்துத் தழும்பைச் சிலர் பார்த்தார்கள், சிலர் பார்க்காதது போல் நின்றார்கள். கனகசபை நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை. முற்றத்து ஓரத்தில் இருந்த குழாயடிக்குப் போய், சேலை மடியிலிருந்து ஒரு சோப்பை எடுத்தாள். இரண்டு கைகளிலும் முழங்கை வரை தேய்த்தாள். நுரை வழிந்து தரையில் ஓடியது. கூட்டத்தில் யாரோ ஐயோ என்றார்கள். அவள் அவசரப்படாமல் நகக்கண் வரை தேய்த்துக் கழுவி, உதறிவிட்டு வந்து, புதிய வில்லைகள் இருந்த ஒரு தட்டில் குழாய்த் தண்ணீரை ஊற்றினாள். எல்லாரும் பார்க்க அவை எழும்பின. பிறகு பக்கத்தில் வேர் தொங்க நின்ற தக்காளி நாற்றுத் தட்டுகளில் ஒன்றை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"எங்கையில ஒண்ணுமில்லீங்க" என்றாள். தாடை இன்னும் முழுதாகத் திறக்காததால் வார்த்தைகள் சற்றுக் குழறின. கூட்டம் உன்னிப்பாகக் கேட்டது. "இருந்ததெல்லாம் உங்க காட்டு மண்ணுக்குப் போயிருச்சு. இந்தத் தட்டு எங்க காட்டுல நடப்போறேன். எல்லாத் தட்டும் எங்க காட்டுக்கே வந்தாலுஞ் சரி. நம்பறவீங்க எடுத்துட்டுப் போங்க. நம்பாதவீங்க எங்க காட்டுல வந்து பாத்துக்குங்க. இனி என்னைய இங்க கூப்புடாதீங்க."

யாரும் நகரவில்லை. அவள் தட்டோடு நடந்தாள். வாசலைத் தாண்டும்போதுதான் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. திருமலைச்சாமி இரண்டு தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தான். அவளுக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்துகொள்ளவில்லை. நாலு எட்டுப் பின்னாலேயே வந்தான். அவர்கள் போன பிறகு காளீஸ்வரி ஒரு தட்டை எடுத்தாள் என்றும், அவளைப் பார்த்து வேறு சிலர் எடுத்தார்கள் என்றும், பெரும்பாலோர் வெறுங்கையோடு வீட்டுக்குப் போனார்கள் என்றும் ஜெபமலர் பிறகு சொன்னாள். மீதித் தட்டுகள் வண்டியில் திருமலைச்சாமியின் காட்டுக்கே, உழுது கிடந்த அந்த இரண்டு ஏக்கருக்கே, வந்து இறங்கின.

இரண்டு பேரும் சேர்ந்து நட்டார்கள். அவன் குழி எடுத்தான், அவள் வில்லையோடு நாற்றை வைத்து மண் அணைத்தாள். முழுதும் நட்டு முடிய மூன்று நாள் ஆனது. கடைசிச் சாலில் வைத்து அவன், "அன்னிக்கி ஆஸ்பத்திரில நாங் கேட்டது..." என்று ஆரம்பித்தான்.

"கேட்டுச்சு" என்றாள் அவள். "இப்ப அதைப் பேச வேண்டாம். நான் கொஞ்ச நாள் திண்டுக்கல்லுல இருந்துட்டு வாறேன்."

எப்போது வருவாய் என்று அவன் கேட்கவில்லை. செடிக்குத் தினமும் தண்ணீர் விடுவதாகச் சொன்னான்.

இலக்கியா வளர்ந்த நாத்தனார் வீட்டில் மாடி அறையைக் கொடுத்திருந்தார்கள். தமயந்தி அங்கே போய்ச் செய்ததெல்லாம் தூங்கியதுதான். காலையில் தூங்கினாள், சாப்பிட்டுவிட்டுத் தூங்கினாள். எழுந்தால் இலக்கியா பள்ளிக்கூடம் போயிருப்பாள், அல்லது வந்து கீழே பாடம் எழுதிக்கொண்டிருப்பாள். முதல் சில நாள் பெண் அறைக்குள் வராமல் வாசலில் நின்றே பேசினாள். இந்த அம்மாவை எவ்வளவு தூரத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து சொல்லிக் கொடுத்திருந்தார்கள், அது காலில் ஊறிப்போயிருந்தது. பிறகு ஒருநாள் மின்விசிறிக் காற்று கீழே வரவில்லை என்று காரணம் சொல்லிப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். அப்புறம் அங்கேயே உட்கார்ந்து படிப்பது வழக்கமாயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போன் அடித்தது. தமயந்தி அரைத் தூக்கத்தில் இருந்தாள். சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது. இலக்கியா எட்டி எடுத்து, குரலை அடக்கிக்கொண்டு பேசினாள்.

"அப்பா... ம்ம். தூங்குறாங்கப்பா... எல்லாமா? ஒண்ணுகூடவா சாயல?" சற்று நேரம் அந்தப் பக்கம் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். காட்டு வரப்பில் ஊரே வந்து நின்று பார்க்கிறது, நாற்றகத்தில் புது விதைக்கு வரிசை நிற்கிறது என்று அவன் சொல்லிக்கொண்டிருப்பது லேசாகத் தமயந்தியின் காதிலும் விழுந்தது. எழுந்து போனை வாங்க வேண்டும் என்று ஒரு நினைப்பு வந்தது. உடம்பு நகரவில்லை. கண்ணைத் திறக்காமல் கிடந்தாள்.

"எழுப்பட்டுமாப்பா?" என்று இலக்கியா கேட்டாள். பதில் வருவதற்கு முன்னால், "வேண்டாம்ப்பா, அப்புறமாப் பேசட்டும். அம்மா தூங்கட்டும்" என்று அவளே சொல்லிப் போனை வைத்தாள்.

பிறகு ஜன்னல் கதவை ஒருக்களித்து வெயிலை மறைத்துவிட்டு வந்து, கால்மாட்டில் இல்லாமல், கட்டிலில் அம்மாவுக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் பார்த்துப் படுத்தாள். தமயந்தி தூங்குபவள் போலவே புரண்டு சுவரோரமாக நகர்ந்து இடம் விட்டாள்.